கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவள்

நாற்காலியில் ஏறப் போகிற தம்பிகளே, தங்கைகளே! பேட்மிண்டன் அம்பயரின் நாற்காலி பார்ப்பதற்கு உயரம். வலைக்கு மேலே தலை நிற்கும். ஆடுகிறவர்கள், பார்க்கிறவர்கள் எல்லாரும் உங்களை அண்ணாந்து பார்ப்பார்கள். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தால் எல்லாம் தெரியும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் அரங்கில் அங்கிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது எதிர்ச்சுவரில் இருந்த மின்விசிறி ஒன்றுதான். அதுவும் ஓடாது.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளர், சனி ஞாயிறில் அம்பயர். இரண்டிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. முதல் வேலையிலிருந்து வயது இறக்கியது, இரண்டாவதிலிருந்து முட்டி இறக்கியது. விடிந்ததும் குளித்துத் திருநீறு பூசி, அண்ணாமலையாரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் இன்றைக்கும் எனக்குக் காபி. படிப்பு கம்மி, பக்தி ஜாஸ்தி என்று என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்வாள். பாராட்டாகத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு குடும்பத்தை ஓட்டிவிட்டேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தவர் வேலூரிலிருந்து வந்து போன ஒரு பெரிய அம்பயர். பேர் வேண்டாம், போட்டால் அவருக்குப் பிடிக்காது. விதிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தவர், அதில் இல்லாத ஒன்றையும் சொன்னார். எங்கள் அரங்கில் தரைக்குப் பச்சை விரிப்பு போட்டிருக்கிறது, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அவர் என் செருப்பைக் காட்டிச் சொன்னார்: "உன் கருத்தையும் அதோட கழட்டி விட்டுட்டு ஏறுப்பா. கோயிலுக்குப் போற மாதிரி."

இன்னொன்றும் சொன்னார். கோட்டோரம் உட்கார்ந்திருக்கும் லைன் ஜட்ஜுக்கு மூன்றே சைகைகள் என்று உங்களுக்குத் தெரியும். ஷட்டில் வெளியே விழுந்தால் இரண்டு கைகளையும் விரித்து "அவுட்" என்று சத்தமாகச் சொல்லவேண்டும். உள்ளே விழுந்தால் வாயைத் திறக்கக் கூடாது, வலது கையால் கோட்டைக் காட்டினால் போதும். சரியாகப் பார்க்கவில்லை என்றால் இரண்டு கைகளாலும் கண்களை மூடிக் காட்டவேண்டும். "மூணாவதுதாம்பா கஷ்டம். எனக்குத் தெரியலைன்னு நாலு பேர் எதிர்ல கண்ணை மூடிக்கணும். எத்தினி பேருக்கு வரும்?" என்றார். இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். பவித்ரா விஷயம் வந்தபோதுதான் தெரிந்தது.

பவித்ரா வேங்கிக்கால் பெண். அப்பா வேன் ஓட்டுகிறவர். மாவட்டப் பெண்கள் ஒற்றையர் கோப்பையை அவள் தொடர்ந்து பல வருஷம் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கோப்பையை வைத்த ஷோகேஸில் இடம் இல்லாமல் அவள் அம்மா ஒன்றில் பருப்பு போட்டு வைத்திருந்தாள் என்று கேள்வி. ஒவ்வொரு வருஷமும் இறுதி ஆட்டத்தில் தோற்றது கீழ்பென்னாத்தூர் தேன்மொழி. நிலத்தில் மணிலாக்கடலை விதைத்தது போக மிச்ச நேரத்தில் அவள் அப்பா பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். ராக்கெட் உறையோடு பஸ்ஸில் வந்த நாட்களும் உண்டு.

அந்த வருஷம் பவித்ராவுக்குச் சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை வாய்ப்பு வந்தது. அதற்கு எங்கள் மாவட்டக் குழு ஒரு பரிந்துரைக் கடிதம் தரவேண்டும். ஆட்டத்தில் அவள் தொடர்ந்து முன்னேறி வருகிறாள் என்று எழுதி, குழுவினர் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை.

அவள் அப்பா என்னை வழியில் நிறுத்தினார். "சார், நான் மனசுல ஒண்ணும் வச்சிக்காம சொல்றேன். வேலை வந்தா வேலைக்குப் போவட்டும். இல்லன்னா ஆவணியில கல்யாணம். மாப்ள வீட்டுல காத்துக்கினு இருக்காங்க. ரெண்டுல ஒண்ணு சீக்கிரம் சொல்லிட்டீங்கன்னா மண்டபம் புடிக்கறதா வேணாமான்னு தெரியும்."

ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கையும் எங்கள் குழுவின் பேனா முனையில் தொங்கியது. பேனா சிவராமனிடம் இருந்தது.

சிவராமன் எங்கள் குழுவின் செயலாளர். வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நேர்மையான மனிதர். யாரிடமும் கை நீட்டியது கிடையாது, யாரையும் கை தட்டிப் பாராட்டியதும் கிடையாது. இளவயதில் அவரே மாவட்ட சாம்பியன். கூட்டத்தில் கடிதத்தைப் பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"முன்னேறி வர்றாள்னு எப்படிய்யா எழுதறது? ஜெயிச்சினு வர்றா. அது வேற. நல்லா ஆடின பொண்ணுங்க ஒருத்தி கல்யாணம் ஆகி ஓசூர் போயிட்டா. ஒருத்தி டாக்டர் படிக்கப் போயிட்டா. ஒருத்திக்கு கொழந்த பொறந்துடுச்சு. மிச்சம் யாரு இருக்கா? ஆளே இல்லாத ரோட்ல நான் கூட வேகமாத்தான் வண்டி ஓட்டுவேன். எங்க காலத்துல போட்டின்னா போட்டி!"

அவர் காலத்துப் போட்டியை நான் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் வலை கட்ட வந்தவர், ஆள் குறைகிறதே என்று இறக்கிவிட்டார்கள். அவர் அரையிறுதி வரை போனார். ஆனால் கருத்து செருப்போடு வாசலில் இருந்ததால் நான் பேசவில்லை.

அன்று தொடங்கியது விவாதம். பவித்ரா வளர்ந்தாளா, மற்றவர்கள் தேய்ந்தார்களா? குழுவில் பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி. கூட்டத்தில் முடியாமல் டீக்கடைக்குப் போனது, டீக்கடையில் முடியாமல் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அதிகாலை வணக்கமும் நடராஜர் படமும் போட்டுக்கொண்டிருந்த குழுவில் முதல் முறையாக எல்லாரும் பேட்மிண்டன் பற்றிப் பேசினார்கள். பழைய ஆட்டத்தின் வீடியோவை ஒருவர் போட்டார். "பாருங்க, அப்போ எவ்ளோ மெதுவா ஆடறா, இப்போ எவ்ளோ வேகம்" என்றார். சிவராமன் உடனே பதில் போட்டார்: "உங்க போன் மாறிடுச்சு, கேமரா நல்லா இருக்கு."

கடைசியில், அடுத்த கூட்டத்தில் எங்கள் தலைவர் ஒரு வழி சொன்னார். தலைவர் லாட்ஜ் வைத்திருப்பவர், சமாதானப் பிரியர். "வெளியூர்லேர்ந்து நல்ல பொண்ணா ஒருத்திய கூப்பிட்டு ஆட விட்டுப் பாத்துடலாம். வேலூர்ல மோனிஷான்னு ஒரு பொண்ணு, ரொம்ப நல்லா ஆடுதாம்."

கடிதம் என்னவாயிற்று என்று கேட்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த பவித்ரா எழுந்து, "சிவராமன் சார், ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நான் ஜெயிச்சா இன்னா சொல்வீங்க, தோத்தா இன்னா சொல்வீங்க, ரெண்டையும் இப்பவே சொல்லிட்டீங்கன்னா, நான் ஆடாமலே வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள்.

"ஜெயிச்சா நான்தாம்மா முதல் கையெழுத்து" என்றார் சிவராமன். சத்தியமாகத்தான் சொன்னார்.

தேதி பார்த்தார்கள். எங்கள் ஊரில் நாள் பார்க்காமல் ஷட்டில் டப்பாகூடத் திறக்கமாட்டோம். ஒரு ஞாயிறு அஷ்டமி, வேண்டாம். அதற்கடுத்தது பௌர்ணமி. "ரொம்ப நல்ல நாள், அண்ணாமலையாரே வந்து பாத்துப்பாரு" என்று தலைவர் முடித்தார். அத்தனை பேரும் தலையாட்டினோம். பௌர்ணமிக்கு அவருடைய லாட்ஜில் ஒரு அறைகூடக் காலி இருக்காது. அன்றைக்கு ஊருக்குள் ஒரு பஸ்கூட வராது என்பது அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் திருவண்ணாமலையில் இல்லை. ஆனால் லாட்ஜுக்கு ஒரு மூளை, குழுவுக்கு ஒரு மூளை. வேறு எந்த ஊரிலும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

ஞாயிறு மதியம் எல்லாரும் அரங்கில் காத்திருந்தோம். எங்கள் அரங்கு செங்கம் ரோட்டுப் பக்கம், கிரிவலக் கூட்டம் போகிற வழியில். வெளியே "அரோகரா" ஓயவில்லை. வேலூர்ப் பெண்ணைக் காணோம். தலைவர் போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். கடைசியில் மோனிஷா வந்து சேர்ந்தாள். தோளில் ஆட்டப் பை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் பொட்டலம், கால் முழுக்கப் புழுதி.

"சாரி சார். பஸ்ஸை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. ஆட்டோ உள்ள வராதுன்னாங்க. கூட்டத்தோட நடந்தேன். நின்னு வழி கேக்கக்கூட முடியல, தள்ளினு போயிட்டாங்க. அக்னி லிங்கம், எம லிங்கம் ரெண்டும் தரிசனம் ஆயிடுச்சு."

"குடுத்து வச்சவம்மா நீ!" என்றார் தலைவர் மனம் உருகி.

சிவராமன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பவித்ராதான் முதலில் எழுந்தாள். பக்கத்துக் கடையிலிருந்து மோர் வாங்கி வந்து கொடுத்தாள். "அக்கா, நீங்க காலை நீட்டி உக்காருங்க. நான் வெயிட் பண்றேன், எனக்கு அவசரம் இல்ல" என்றாள். அவளைவிட அவசரத்தில் இருந்தவர்கள் அந்த அரங்கில் யாரும் இல்லை. மண்டபக்காரர் அட்வான்ஸுக்குக் காத்திருந்தார்.

நன்றாக இளைப்பாறிய பிறகே ஆட்டத்தை ஆரம்பித்தோம். நான் நாற்காலியில். பின்கோட்டில் லைன் ஜட்ஜாக உட்கார வைக்க ஆள் இல்லாததால் தேன்மொழியை உட்கார வைத்திருந்தோம். மோனிஷா நல்ல ஆட்டக்காரி. அடிக்கிற அடி சுவரில் எதிரொலித்தது. முதல் கேமில் பவித்ரா நிதானமாகத் தேடினாள், கண்டுபிடித்தாள், ஜெயித்தாள். இரண்டாவது கேமில் மோனிஷாவுக்கு வேகம் கூடியது. பவித்ராவுக்கு அதைவிடக் கூடியது. ஷட்டில் பின்கோட்டின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் நான் திரும்பிப் பார்ப்பேன், தேன்மொழி வாயைத் திறக்காமல் வலது கையால் கோட்டைக் காட்டுவாள். உள்ளே. மறுபடியும் உள்ளே. கடைசிப் புள்ளிக்கு பவித்ரா சர்வீஸ் போடுகிற நேரம் வெளியே பெரிய கூட்டம் ஒன்று "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்றது. ஷட்டில் வலையை உரசிக்கொண்டு போனது, மோனிஷா எடுத்தாள், இரண்டு மூன்று அடிக்குப் பிறகு வெளியே அடித்தாள். இரண்டு கேமும் பவித்ராவுக்கு.

நான் நாற்காலியிலிருந்து இறங்குவதற்குள் சிவராமன் பேசிவிட்டார். "இதைக் கணக்குல எடுத்துக்க முடியாதுங்க. அந்தப் பொண்ணு பாதி கிரிவலம் முடிச்சிட்டு வந்து ஆடியிருக்கு. போதாததுக்கு ஊரே இவளுக்கு அரோகரா போடுது."

மோனிஷா துண்டால் முகத்தைத் துடைத்தாள். "களைப்பு முதல் கேம்ல இருந்துச்சு சார். ரெண்டாவது கேம்ல அவங்கதான் இருந்தாங்க."

"பாத்தீங்களா, களைப்புன்னு அதுவே ஒத்துக்குச்சு!" என்றார் சிவராமன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பவித்ராவிடம் யார் தோற்றாலும், தோற்ற அந்த நிமிஷமே மட்டமான ஆட்டக்காரி ஆகிவிடுகிறாள். வேலூரில் சிங்கம், எங்கள் அரங்கில் இறங்கியதும் பாவம் களைத்த பெண். பவித்ரா இனி யாரை ஜெயித்தாலும் இந்தக் கதைதான். தோற்றால்தான் போட்டி பலமானது என்று ஆகும். ஆனால் தோற்றவளுக்கு யார் கடிதம் தருவார்கள்?

மோனிஷாவைப் பவித்ராவும் அவள் அப்பாவும் பின்தெருவில் நிறுத்தியிருந்த வேனில், சந்து வழியாக, பஸ் நிற்கிற இடத்துக்கு அழைத்துப் போனார்கள். நாங்கள் அரங்குக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்தோம். கடிதத்தை அனுப்ப மறுநாள்தான் கடைசி நாள். மேசை நடுவில் கடிதம், யாருடைய பேனாவும் மூடி திறக்கவில்லை. பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி. தலைவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"இத்தினி வருஷமா சேர்ல உக்காந்து பாத்தவரு நீங்க. நீங்க சொல்றதுதான் முடிவு. அவ வளந்தாளா, மத்தவங்க கொறஞ்சாங்களா?"

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். "வளர்ந்தாள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு பெண் பிழைப்பாள். சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நான் பார்த்தது புள்ளிகளை. ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன், சொன்னேன், அடுத்த புள்ளிக்குப் போனேன். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. பார்க்காததைப் பார்த்ததாக இன்று நல்லதுக்குச் சொன்னால், நாளைக்கு வேறொரு அறையில் கெட்டதுக்கும் சொல்வேன். காலையில் நின்ற சன்னதி ஞாபகம் வந்தது. நான் இரண்டு கைகளையும் தூக்கி என் கண்களை மூடிக்கொண்டேன்.

"என்னய்யா இது, சின்னப் பசங்க மாதிரி!" என்றார் தலைவர். சிவராமன் சிரித்தார். "அவரே பாக்கலைன்றாரு. முடிஞ்சுது."

கையை எடுத்தபோது வாசலில் தேன்மொழி நின்றாள். அவள் பை அந்த அறை மூலையில் இருந்தது, எடுக்க வந்தவள் எங்கள் சத்தத்தில் அப்படியே நின்றிருந்தாள்.

"உள்ள வந்து எடுத்துக்கோம்மா, நேரமாவுது" என்றேன்.

அவள் பையை எடுத்தாள். போகவில்லை.

"சிவராமன் சார், கொறஞ்சு போன மத்தவங்கன்னு சொன்னீங்களே, அது நான்தான?"

"உன்னைச் சொல்லலம்மா. பொதுவா..."

"பைனல்ல வருஷா வருஷம் நான்தான் சார் தோக்கறேன். பொதுவா யாரும் தோக்கல. மொத வருஷம் வேலூர் ஓப்பன்ல மொத ரவுண்டுலயே வெளிய வந்தேன். அழுதுக்கினே பஸ் ஏறினேன். போன மாசம் அங்கயே செமி பைனல் ஆடினேன். இன்னிக்கு வந்துச்சே மோனிஷா, அதோட மூணாவது கேம் வரைக்கும் போயித்தான் தோத்தேன். நான் தேய்ஞ்சா போயிட்டேன்?"

"இல்ல" என்றார் தலைவர்.

"ஆனா பவித்ராகிட்ட மொத வருஷமும் இருபத்தொண்ணுக்கு பதினஞ்சு, பதினாறுலதான் நின்னேன். இந்த வருஷமும் அதே பதினஞ்சு, பதினாறுதான். நான் மாறிட்டேன் சார். எங்க ஸ்கோர் மாறல. அப்போ இன்னொரு பக்கத்துல யாரு மாறினது?"

சிவராமன் கடைசியாக ஒரு அடி அடித்துப் பார்த்தார்.

"நீ அப்பிடித்தாம்மா சொல்லுவ. அவ சென்னைக்குப் போயிட்டா அடுத்த வருஷம் கோப்பை உனக்குத்தான?"

"ஆமா சார்" என்றாள் தேன்மொழி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அதுக்கும்தான் சொல்றேன். அதனால நான் சொன்னது பொய்யாயிடுமா?"

தலைவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். அம்பயருக்குத் தெரியவில்லை என்றால் கோட்டோரம் இருப்பவரைக் கேட்கவேண்டும், அதுதான் நம் விதி. இத்தனை வருஷமாக அந்தக் கோட்டுக்கு மிகவும் பக்கத்தில் நின்றவள், ஒவ்வொரு ஷட்டிலையும் தன் காலடியில் விழப் பார்த்தவள், தோற்றவள்தான். அவளை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. ஜெயித்தவளைப் பற்றி ஜெயிக்காத நாங்கள் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் ஒன்றும் பேசவில்லை. வலது கையை நீட்டி, மேசை நடுவில் இருந்த கடிதத்தைக் காட்டினேன்.

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ராக்கெட் பிடித்தவர்கள். விளக்கம் தேவைப்படவில்லை. தலைவர் பேனாவைத் திறந்தார். முதல் கையெழுத்து தன்னுடையது என்று சொன்ன சிவராமன் கடைசியாகப் போட்டார், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தமாக. போட்டுவிட்டு, "ஒரு வாதத்துக்குத்தான் கேட்டேன்" என்றார். தேன்மொழிக்கு அன்று கடைசி பஸ்ஸும் இல்லை, ஊருக்குள் எந்த பஸ்ஸும் இல்லை. திரும்பி வந்த பவித்ராவின் அப்பா வேனிலேயே கீழ்பென்னாத்தூரில் கொண்டுபோய் விட்டார். வழியில் பவித்ராவும் தேன்மொழியும் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "ரெண்டும் தூங்கிடுச்சு சார்" என்றார்.

பவித்ரா சென்னைக்குப் போனாள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பவித்ரா அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த வருஷ இறுதி ஆட்டம்தான் நான் நாற்காலியில் உட்கார்ந்த கடைசி ஆட்டம். தேன்மொழி அருமையாக ஆடினாள். எதிரே ஆடிய பெண் பதினைந்தைத் தாண்டவில்லை. கோப்பையைக் கையில் வாங்கி, அதைத் தன் அப்பாவிடம் கொடுத்து, அவர் அதைப் பைக்கில் எப்படிக் கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். இறங்க உதவிக்குக் கை கொடுத்தவர் சிவராமன்.

"ஆட்டமா சார் இது?" என்றார் பெருமூச்சோடு. "பவித்ரா இருந்தப்போ போட்டின்னா போட்டி! அந்த வேலூர்ப் பொண்ணையே இன்னா அடி அடிச்சா! இப்போ ஆளே இல்ல. இருக்கிற ஒண்ணு ரெண்டுல இது ஜெயிச்சிடுச்சு."

அவருக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் தேன்மொழி நின்றிருந்தாள். நான் கண்ணைக் காட்டினேன், அவர் கவனிக்கவில்லை. அவள் கோபப்படவில்லை. இரண்டு கைகளையும் அகல விரித்தாள். அரங்கே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்:

"அவுட்!"

எல்லாரும் சிரித்தோம். எதற்கு என்று புரியாமல் சிவராமனும் சிரித்தார்.

வாசலுக்கு வந்தேன். நான் கழற்றி விட்டிருந்த கருத்து வைத்த இடத்திலேயே இருந்தது. செருப்பைத்தான் யாரோ போட்டுக்கொண்டு போயிருந்தார்கள்.